நேபாள யாத்திரையும் கைப்பணமும்: முன்பணம் வாங்கும்போதே சொல்ல வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இறுதிப் பக்கங்களில் முக்திநாத், பசுபதிநாத், மனகாமனா யாத்திரை விளம்பரங்கள் தொடர்ந்து வெளிவருகின்றன. தென்னிந்தியச் சமையல், குளிர்சாதனப் பேருந்து, மூத்த குடிமக்களுக்குத் தனிக் கவனிப்பு என்று அவற்றில் எல்லாம் விவரமாக இருக்கின்றன. பயணி தன் பையில் என்ன பணத்தை, எந்த வடிவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இருப்பதில்லை. வங்கி ஒன்றின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், யாத்திரைக்குப் பெயர் கொடுத்துவிட்ட தெருக்காரர்களும் உறவினர்களும் இதைப் பற்றி என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். அவர்கள் கேட்பவற்றைக் கொண்டும், அந்தப் பாதையில் போய்வந்தபோது பார்த்தவற்றைக் கொண்டும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பெரும்பாலோர் "நம்ம ரூபாய் அங்கேயும் செல்லும்" என்று சொல்லிக்கொண்டே கிளம்புகிறார்கள். இது பாதி உண்மை என்பதுதான் தொல்லை. முழுப் பொய்யாக இருந்தால், தாய்லாந்துக்கோ வியட்நாமுக்கோ போகிறவர்களைப் போல இவர்களும் முன்கூட்டியே விசாரித்திருப்பார்கள். நேபாள ரூபாயின் மதிப்பு 1993 முதல் இந்திய ரூபாயோடு ஒரே விகிதத்தில் பிணைக்கப்பட்டிருக்கிறது. நம் 100 ரூபாய்க்கு அங்கே 160 ரூபாய். டாலர் ஏறினாலும் இறங்கினாலும் இந்த விகிதம் அசையாது. எல்லையோர ஊர்களிலும் காத்மாண்டு, போக்ரா போன்ற சுற்றுலா ஊர்களிலும் கடைக்காரர்கள் நம் 100 ரூபாய் நோட்டை வாங்கிக்கொள்வதும் உண்மையே. ஆனால் எந்த நோட்டு, எவ்வளவு, எந்தக் கணக்கில், எதுவரை என்று கேட்கத் தொடங்கினால் அந்தப் பாதி உண்மையும் கரைந்துவிடுகிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அங்குள்ள வியாபாரிகள் விலை சொல்லும்போது "ஐசி" என்றால் இந்தியப் பணம், "என்சி" என்றால் நேபாளப் பணம். வெறுமனே "ஆயிரத்து அறுநூறு" என்று சொன்னால், அது எந்தப் பணத்தில் என்று கேட்டுக்கொண்டுதான் அடுத்த பேச்சைத் தொடங்க வேண்டும். 1,600 நேபாள ரூபாய் என்பது நம் 1,000 ரூபாய். கேட்காமல் நம் பணத்தில் 1,600 கொடுத்துவிட்டு வந்தால் ஒரு சால்வையில் 600 ரூபாய் போயிற்று. இதில் ஏமாற்று என்று சொல்வதற்குக்கூட இடமில்லை. கேட்ட தொகையைக் கொடுத்தோம், அவ்வளவுதான். சில கடைகளில் 1.6-க்குப் பதிலாக 1.5 என்று கணக்கிட்டு மீதி தருவார்கள். நம் 500 ரூபாய்க்கு 800 வர வேண்டிய இடத்தில் 750 வரும். வங்கியிலோ உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ மாற்றிக்கொண்டு நேபாளப் பணமாகவே செலவு செய்தால் இந்தச் சில்லறை இழப்பு இராது. மனக்கணக்குக்கு எளிய வழி, 1,000 நேபாள ரூபாய் நம் 625 ரூபாய், 100 நேபாள ரூபாய் நம் 62 ரூபாய் 50 காசு என்ற இரண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது.

நோட்டின் மதிப்பைப் பற்றிய விதிதான் மக்களை அதிகம் குழப்புகிறது, குழப்புவதற்கு நியாயமும் இருக்கிறது. பல ஆண்டுகள் 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டுகளை நேபாளத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. கள்ளநோட்டைப் பற்றிய அச்சமே முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2015 வாக்கில் 500, 1,000 ரூபாய் நோட்டுகளை 25,000 ரூபாய் வரை எடுத்துச் செல்லலாம் என்று தளர்த்தினார்கள். அடுத்த ஆண்டே, 2016 நவம்பர் 8 அன்று, அந்த இரண்டு நோட்டுகளும் செல்லாதவை ஆயின. நேபாளத்து வங்கிகளிலும் வீடுகளிலும் தங்கிவிட்ட பழைய நோட்டுகளை மாற்றிக் கொடுங்கள் என்று அந்நாட்டு மத்திய வங்கியான நேபாள ராஷ்டிர வங்கி திரும்பத் திரும்பக் கேட்டும் அது நடக்கவில்லை. 2018 டிசம்பரில் 200, 500, 2,000 ரூபாய் இந்திய நோட்டுகளை வைத்திருப்பதற்கும் புழங்குவதற்கும் நேபாள அமைச்சரவை தடை விதித்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். நம் 500 ரூபாய் நோட்டை நீட்டியவுடன் அங்குள்ள கடைக்காரர் கையை இழுத்துக்கொள்வதைக் கண்டு கோபித்துக்கொள்ளும் நம்மவர்கள், ஒரே இரவில் செல்லாமல் போன இந்தியப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அனுபவம் அவருக்கு உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

2025-ஆம் ஆண்டின் இறுதியில் நம் ரிசர்வ் வங்கி விதியைத் திருத்தி, 100 ரூபாய்க்கு மேற்பட்ட நோட்டுகளையும் 25,000 ரூபாய் வரை நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் எடுத்துச் செல்லலாம் என்று அனுமதித்தது. நேபாளத் தரப்பிலும் அதற்கு இசைவான நடவடிக்கைகள் தொடங்கின. நல்ல மாற்றம்தான். ஆயினும் இந்த விதி இரண்டு நாடுகளின் கையில் இருக்கிறது. இங்கே ஒன்று மாறினால் அங்கேயும் மாறியாக வேண்டும், அங்கே மாறியது எல்லைச் சாவடியில் நிற்கும் காவலருக்கும் மலையூர்க் கடைக்காரருக்கும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பத்தாண்டுகளில் இத்தனை முறை புரண்ட விதியைப் போன முறை போய்வந்த சித்தப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது போதாது. புறப்படும் வாரத்தில் நிலைமை என்ன என்பதை யாத்திரை நடத்துபவர் எழுத்தில் தர வேண்டும். என்னைக் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, எந்த விதியிலும் சிக்காத 100 ரூபாய் நோட்டுகளை முதன்மையாக எடுத்துச் செல்லுங்கள், அவையும் கிழிசல், கறை, பேனா எழுத்து இல்லாதவையாக இருக்கட்டும் என்பதே.

சொல்வது எளிது, 100 ரூபாய் நோட்டு கிடைக்க வேண்டுமே! நம் ஊர் ஏடிஎம்களில் கட்டுக்கட்டாக 500 ரூபாய்தான் வந்து விழுகிறது. 100 அல்லது 200 ரூபாய் நோட்டுகள் 2025 செப்டம்பர் இறுதிக்குள் 75 விழுக்காடு ஏடிஎம்களிலும், 2026 மார்ச் இறுதிக்குள் 90 விழுக்காடு ஏடிஎம்களிலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. உத்தரவு அப்படி இருந்தாலும், 15,000 ரூபாய்க்கு நூறுகள் வேண்டுமென்றால் கணக்கு வைத்திருக்கும் கிளைக்கு ஒரு வாரம் முன்பே போய்க் காசாளரிடம் சொல்லி வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். கிளம்பும் நாள் காலையில் போய்க் கேட்டால் அவரும் பாவம் என்ன செய்வார்?

அடுத்ததாக, படித்தவர்களே தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. வெளிநாட்டுப் பயணம் என்றவுடன் பிள்ளைகள் பெற்றோருக்கு டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ் 2000-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட நடப்புக் கணக்குப் பரிவர்த்தனை விதிகளின்படி, நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் பயணம் செய்வதற்காக அந்நியச் செலாவணி வழங்கவே கூடாது. இந்திய ரூபாயே அங்கே பயன்படும் என்ற அடிப்படையில் வந்த தடை இது. அதனால்தான் பல ஃபாரெக்ஸ் கார்டுகளில் இந்தியா, நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளில் செல்லாது என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றுக்கு ஒரு வங்கிக் கிளையில் எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று கேட்காமலே கார்டில் பணத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். போக்ராவில் அந்தக் கார்டு வேலை செய்யாதபோது கார்டு கெட்டுவிட்டது என்றே அந்தப் பெரியவர் நினைத்துக்கொண்டார். கார்டில் குறையில்லை, அந்த நாட்டுக்கென்று அதைக் கொடுத்ததுதான் தவறு. நேபாளம் வழியாகக் கயிலாய மானசரோவரம் போகிறவர்களின் நிலை வேறு. அவர்களுக்குத் திபெத்தில், அதாவது சீனாவில், ஆகும் செலவுக்காக அந்நியச் செலாவணி பெற முடியும். இரண்டு யாத்திரைகளையும் ஒரே குழு அடுத்தடுத்து நடத்துவதால் இந்த வேறுபாடு பலருக்கு மங்கிப்போகிறது.

அப்படியானால் வழக்கமான டெபிட் கார்டு உதவுமா என்றால், உதவும், ஆனால் சும்மா உதவாது. ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு உத்தரவின்படி புதிதாகத் தரப்படும் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வாடிக்கையாளரே செயலியிலோ, ஏடிஎம்மிலோ, கிளையிலோ திறந்துகொள்ள வேண்டும். ஊரிலேயே இதைச் செய்துவிட்டு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற வரம்பையும் குறைத்து வைத்துவிட்டுப் புறப்படுவது நல்லது. அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்று விட்டால், ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங் இல்லாமல் தவிக்க நேரிடும். அங்குள்ள ஏடிஎம்களில் நம் கார்டைப் போட்டு எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் உண்டு என்பதால் ஆயிரம் ஆயிரமாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுப்பதே லாபம். தசைன் பண்டிகை, அதாவது நம் நவராத்திரி நாட்கள், மழை ஓய்ந்து யாத்திரைக் கூட்டம் பெருகும் பருவத்திலேயே வருகிறது. அப்போது வங்கிகளும் நாணய மாற்றுக் கடைகளும் நாள்கணக்கில் மூடிக் கிடக்கும், ஏடிஎம்களில் பணம் தீர்ந்து நிற்கும்.

யுபிஐ பற்றித்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2024 மார்ச் முதல் நம் யுபிஐ செயலிகளைக் கொண்டு நேபாளக் கடைகளில் க்யூஆர் வழியாகப் பணம் செலுத்த முடிகிறது. நம் தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் பன்னாட்டுப் பிரிவும் அங்குள்ள ஃபோன்பே என்ற கட்டமைப்பும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. (நம் ஊர்ச் செயலி ஒன்றின் பெயரைப் போலவே அதுவும் ஒலிக்கிறது, இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள்.) காத்மாண்டுவின் பெரிய கடைகளிலும் போக்ராவின் ஏரிக்கரை உணவகங்களிலும் இது உண்மையில் வசதியானது, கணக்கிலிருந்து எவ்வளவு இந்திய ரூபாய் போகிறது என்பதும் திரையிலேயே தெரிகிறது. எனினும் அங்கே வேறு கட்டமைப்புகளின் க்யூஆர் அட்டைகளும் மேசை மீது இருக்கும், எல்லாவற்றையும் நம் செயலி படிக்காது. சில செயலிகளில் வெளிநாட்டுக் கொடுப்பனவைத் தனியாக இயக்கி வைக்க வேண்டும். இது கடைக்காரருக்குச் செலுத்துவதற்கான ஏற்பாடு. ஓட்டுநரின் சொந்த எண்ணுக்கு ஊரில் அனுப்புவதுபோல் அனுப்பிவிடலாம் என்று எண்ணக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக இணையம் வேண்டும். அதற்காக நம் சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு அந்நாட்டு சிம்மைப் போட்டால், பதிவு செய்த எண் தொலைபேசியில் இல்லையென்று செயலி திறக்க மறுக்கலாம். இரண்டு சிம் போடும் தொலைபேசியாக இருந்தால் நம் சிம்மை அப்படியே விட்டுவிட்டு இரண்டாவது இடத்தில் அங்குள்ளதைப் போட்டுக்கொள்வதே வழி.

இத்தனை வசதிகளும் போக்ராவுக்கு மேலே ஏற ஏறக் குறைந்துகொண்டே போகின்றன. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் முக்திநாத், முஸ்தாங் மாவட்டத்தில் ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது. போக்ராவிலிருந்து, முக்திநாத்துக்குக் கீழேயுள்ள ஜோம்சோம் என்ற ஊருக்குப் போகும் சிறு விமானங்கள் காலை வேளையில்தான் பறக்கும். நண்பகல் நெருங்கும்போது காளிகண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று எழுந்துவிடும். வானிலை சரியில்லை என்றால் விமானம் இல்லை. அப்போது ஜோம்சோமில் இன்னும் ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும், அல்லது ஜீப் பிடித்துக் கீழே இறங்க வேண்டியிருக்கும். இந்தக் கூடுதல் செலவு பயணக் கட்டணத்தில் சேருமா, பயணியின் தலையிலா என்பதை யாத்திரை நடத்துபவர்கள் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஜோம்சோமில் வங்கிகள் இருக்கின்றன. ஆனால் மின்சாரமோ தொடர்போ அறுந்துவிட்டால் ஏடிஎம்மும் இல்லை, க்யூஆரும் இல்லை. கோயிலுக்குக் கீழேயுள்ள ராணிபௌவா ஊரிலிருந்து மேலே ஏற முடியாதவர்கள் குதிரைக்கும் டோலிக்கும் கையில்தான் பணம் கொடுக்க வேண்டும். போகவா, போய் வரவா, எந்தப் பணத்தில் என்று மூன்றையும் ஏறி உட்காரும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு 108 தாரைகளில் நீராடிவிட்டு நடுங்கிக்கொண்டே வருகிறவரால் அதன் பிறகு பேரம் பேச முடியாது.

அங்கே வயதானவர்கள் படும் இன்னொரு சிறு அவதியையும் கவனித்தேன். நேபாள நோட்டின் முன்பக்கத்தில் எல்லா எண்களும் தேவநாகரியில் இருக்கும். இந்தி தெரியாத நம் ஊர்ப் பாட்டி ஐந்நூறையும் ஆயிரத்தையும் பிரித்தறிய முடியாமல் மொத்தக் கட்டையும் கடைக்காரரிடம் நீட்டி "நீங்களே எடுத்துக்கோங்க" என்கிறார். நோட்டைத் திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்தில் நமக்குப் பழகிய எண்கள் இருக்கின்றன, கூடவே விலங்குப் படமும் இருக்கிறது. யானை என்றால் ஆயிரம், புலி என்றால் ஐந்நூறு, காண்டாமிருகம் என்றால் நூறு, பனிச்சிறுத்தை என்றால் ஐம்பது. பேருந்தில் அந்தாட்சரி பாடிக்கொண்டு போகும் நேரத்தில் வழிகாட்டி இதை ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால், அன்று மாலையே அந்தப் பாட்டிகள் "யானை ஒண்ணு, காண்டாமிருகம் ரெண்டு" என்று எண்ணிக் கொடுக்கப் பழகிவிடுவார்கள்.

பணம் தொலைந்தாலோ உயர நோயால் யாரையேனும் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலோ என்ன செய்வது என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது வெளியில் அதிகம் தெரியாது. இந்திய–நேபாளப் பணவனுப்பீட்டுத் திட்டம் என்று 2008 முதல் நடைமுறையில் இருக்கும் ஏற்பாட்டின்படி, இங்குள்ள வங்கிக் கிளையிலிருந்து நெஃப்ட் வழியாக நேபாளத்துக்கு ரூபாய் அனுப்பலாம். ஒரு தடவைக்கு 50,000 ரூபாயாக இருந்த உச்சவரம்பை 2021 அக்டோபரில் 2 லட்சமாக உயர்த்தினார்கள். இங்கிருந்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் நேபாளத் தொழிலாளர்களுக்கே இது பழக்கமானது. யாத்திரை நடத்துபவரின் நேபாளக் கூட்டாளிக்கு அங்கே வங்கிக் கணக்கு இருக்கும். அந்த விவரத்தை முன்கூட்டியே குடும்பத்தாரிடம் கொடுத்துவைத்தால், இக்கட்டான நேரத்தில் மகனோ மகளோ இங்கிருந்து திசை தெரியாமல் அலைய வேண்டியதில்லை.

கடைசியாகத் திரும்பும்போது செய்ய வேண்டியது. மிஞ்சிய நேபாளப் பணத்தைக் காத்மாண்டுவிலோ, தரைவழியாக வந்தால் எல்லையிலுள்ள பைரஹவாவிலோ மாற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். மதுரையிலோ திருச்சியிலோ அதை மாற்றித் தருவோரைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். என் பக்கத்து வீட்டுப் பூஜையறையில் இரண்டு யானையும் ஒரு புலியும் சாளக்கிராமத்துக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கின்றன.

இவற்றில் எதுவும் பயணி தன் சாமர்த்தியத்தால் கண்டுபிடிக்க வேண்டிய ரகசியம் அல்ல. முன்பணம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கும்போதே, நோட்டு விதி, கார்டு, யுபிஐ, மலைமேல் ஆகும் கைச்செலவு, விமானம் ரத்தானால் யார் செலவு ஆகியவற்றை ஒரு பக்கத் தாளில் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பது யாத்திரை நடத்துபவரின் கடமை. வங்கிகளும் ஃபாரெக்ஸ் கார்டு விண்ணப்பத்தை வாங்கும் முன் எந்த நாட்டுக்கு என்று கேட்பதைச் சடங்காக அல்லாமல் உண்மையாகச் செய்ய வேண்டும். முக்திநாத் சென்று திரும்பும் பக்தர்களுக்குத் தமிழக அரசு இந்து சமய அறநிலையத் துறை வழியாக மானியம் வழங்கி வருகிறது. அந்த மானியம் பயணம் முடிந்த பிறகுதான் பக்தரின் கைக்கு வருகிறது. தகவல் அப்படி வந்து பயனில்லை. ஆகவே துறையின் இணையதளத்தில் முக்திநாத் மானிய அறிவிப்பு வெளியாகும்போதே அதனுடன் இந்த விவரங்களையும் இணைத்து, விதி மாறும்போதெல்லாம் தேதியிட்டுத் திருத்தி வெளியிடுமாறு துறை அதிகாரிகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். யாத்திரை விளம்பரங்களை வெளியிடும் தாங்களும் அதே பக்கத்தின் ஓரத்தில், பருவம் தொடங்கும் சித்திரையிலும் புரட்டாசியிலும், நடப்பிலுள்ள நோட்டு விதியை நான்கு வரியில் வெளியிட இடம் ஒதுக்கினால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
கும்பகோணம்.